லீபர்மனை வலைப்பதிவர்கள்தான் தோற்கடித்தார்களா?

கேள்வி இது: 2006-ல் அமெரிக்க செனட்டர் ஜோ லீபர்மனை அவருடைய சொந்த ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வான பிரைமரியிலேயே வலைப்பதிவர்கள் தோற்கடித்ததாகச் சொல்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? கணினி முன்னால் உட்கார்ந்து எழுதுகிறவர்களால் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) பிரைமரி ஒன்றின் முடிவைப் புரட்டிப் போட முடியுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாக்காளர்களின் மனத்தை மாற்றியது ஈராக் போர். அந்தக் கோபம் போய் விழுவதற்கு ஒரு பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றி வைத்ததில்தான் வலைப்பதிவர்களின் பங்கு இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. அதே ஆண்டில் அதே கூட்டம் கை வைத்த மூன்று பிரைமரிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்: மார்ச்சில் டெக்சஸ், ஆகஸ்டில் கனெக்டிகட், செப்டம்பரில் மேரிலாந்து. எழுதியவர்களும் நன்கொடை திரட்டிய பக்கங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். முடிவுகள் மட்டும் மூன்று விதம்.

கட்சித் தலைமை சீட் கொடுக்கும் முறைக்குப் பழகிய நமக்கு பிரைமரி கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை அந்தக் கட்சியின் சாதாரண வாக்காளர்களே தனித் தேர்தல் வைத்து முடிவு செய்கிறார்கள். தலைமைக்குப் பிடிக்காதவரும் தாராளமாக நிற்கலாம். ஆனால் பதவியில் இருப்பவரை எதிர்த்து ஜெயிப்பது மிக அரிது. அவர் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும், நன்கொடையாளர் பட்டியல் அவர் கையில் இருக்கும், தொழிற்சங்கங்கள் அவரைப் பகைத்துக்கொள்ளத் தயங்கும். அவருக்கு எதிராக இருக்கும் ஒரே ஓட்டை, பிரைமரிக்கு ஓட்டுப் போட வருகிற கூட்டம் சிறியது என்பதுதான். வருகிறவர்களும் அரசியலைத் தினமும் கவனிக்கிறவர்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் வலைப்பதிவர்கள் நுழைந்தார்கள்.

அதற்கு முன் அவர்களுடைய சாதனைக் கணக்கு ஒன்றும் பிரமாதமாக இல்லை. 2003-ல் ஹோவர்ட் டீனின் அதிபர் பிரச்சாரம் இணையத்தில் வெடித்துக் கிளம்பி, 2004 ஜனவரியில் அயோவாவில் தரைதட்டியது. 2004 பிப்ரவரியில் கென்டக்கி இடைத்தேர்தலில் பென் சாண்ட்லர் வலைப்பதிவுகளில் சுமார் 2,000 டாலருக்கு விளம்பரம் போட்டு 80,000 டாலர் வரை திரட்டி ஜெயித்தார்; தேர்தல் ஆலோசகர்களின் காது நிமிர்ந்தது அப்போதுதான். ஆனால் அதே ஆண்டு நவம்பரில், ஜனநாயகக் கட்சி ஆதரவு வலைப்பதிவான டெய்லி காஸ் தேர்ந்தெடுத்து நிதி திரட்டிக் கொடுத்த பட்டியலில் ஒருவர்கூடத் தேறவில்லை. 2005 ஆகஸ்டில் ஒஹாயோவின் இரண்டாவது தொகுதியில், ஈராக்கிலிருந்து திரும்பிய பால் ஹேக்கெட்டுக்காகச் சுமார் ஐந்து லட்சம் டாலர் இணையத்தில் குவிந்தது. குடியரசுக் கட்சியின் கோட்டையான அந்தத் தொகுதியில் அவர் 48 சதவீதம் வாங்கித் தோற்றார். பாராட்டத்தக்க தோல்வி. ஆனாலும் தோல்வி.

இரண்டு கருவிகள் இதற்குள் தயாராகிவிட்டன. ஒன்று, 2004-ல் தொடங்கிய ஆக்ட்புளூ என்ற இணைய நன்கொடைத் தளம். யார் வேண்டுமானாலும் அதில் ஒரு பக்கம் திறந்து தனக்குப் பிடித்த வேட்பாளர்களை வரிசைப்படுத்தி நிதி கேட்கலாம். எத்தனை பேர் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எல்லார் கண்ணிலும் படும். கோயில் நன்கொடைப் பலகை மாதிரிதான். அடுத்தவர் 25 டாலர் கொடுத்தது தெரிந்தால் நம் கையும் பைக்குள் போகும். இரண்டாவது, 2006 மார்ச் 27 அன்று கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் எடுத்த முடிவு. கூலி வாங்காமல் ஒருவர் இணையத்தில் எழுதுவதைத் தேர்தல் நன்கொடையாகக் கணக்கிட வேண்டியதில்லை என்று ஆணையம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அது வேறு மாதிரி முடிந்திருந்தால் வீட்டிலிருந்து எழுதுகிறவரும் வக்கீலைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

டெக்சஸுக்கு வருவோம். சான் அன்டோனியோ பக்கமிருந்து எல்லையோர லரேடோ வரை நீளும் 28-வது தொகுதி. பதவியில் இருந்தவர் ஹென்றி குவெயார். இவர் 2000-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் புஷ்ஷை ஆதரித்த ஜனநாயகக் கட்சிக்காரர். 2004 பிரைமரியில் சிரோ ரோட்ரிகெஸிடமிருந்து இந்தத் தொகுதியைப் பறித்தார். மறு எண்ணிக்கைக்கு அப்புறம் வித்தியாசம் வெறும் 58 ஓட்டு. 2006-ல் ரோட்ரிகெஸ் மறுபடி நின்றபோது நன்கொடை வறண்டு கிடந்தது. ஜனவரி 31 அன்று புஷ் காங்கிரஸில் ஆண்டு உரையாற்ற வந்தார். அவர் இரண்டு கைகளாலும் குவெயாரின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, குவெயார் பூரித்துப்போய்ச் சிரிக்கும் புகைப்படம் மறுநாள் வலைப்பதிவுகள் முழுக்கப் பரவியது. ரோட்ரிகெஸின் கணக்கில் பணம் கொட்ட ஆரம்பித்தது. நான் அந்தச் சமயத்தில் இந்தத் தளங்களை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு புகைப்படம் ஒரே வாரத்தில் ஒரு வேட்பாளரை உயிர்ப்பித்ததைக் கண்ணால் பார்த்தேன்.

மார்ச் 7 அன்று குவெயார் சுமார் 53 சதவீதம் வாங்கி ஜெயித்தார், ரோட்ரிகெஸுக்கு 41. காரணம் லரேடோ. குவெயார் பிறந்து வளர்ந்த ஊர் அது. ஊரே திரண்டு வந்து தன் பிள்ளைக்குப் போட்டது. நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் உட்கார்ந்து 20 டாலர் அனுப்பியவர்களால் லரேடோவில் ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்ட முடியவில்லை. பணம் வந்து சேர்ந்ததும் கடைசிச் சில வாரங்களில்தான். (ரோட்ரிகெஸ் அதே ஆண்டு டிசம்பரில் பக்கத்திலுள்ள 23-வது தொகுதியில் நின்று ஜெயித்து காங்கிரஸுக்குப் போய்விட்டார். வலைப்பதிவர்கள் அதை அவ்வளவாகக் கொண்டாடவில்லை என்பது என் நினைவு.)

இனி கனெக்டிகட்.

ஜோ லீபர்மன் சாதாரண ஆள் இல்லை. 2000-ல் அல் கோரின் துணை அதிபர் வேட்பாளர், 18 ஆண்டு செனட்டர். அவர் முதலில் செனட்டுக்கு வந்த கதையே சுவாரசியமானது: 1988-ல் லோவல் வைக்கர் என்ற தாராளவாதக் குடியரசுக் கட்சிக்காரரைச் சுமார் பத்தாயிரம் ஓட்டில் தோற்கடித்தார். அப்போது அவருக்குப் பின்னால் நின்றவர்களில் பழமைவாத எழுத்தாளர் வில்லியம் பக்லியும் ஒருவர். அதாவது எதிர்முகாமின் தயவில் ஜெயிப்பது லீபர்மனுக்குப் புதிதல்ல.

போரை ஆதரித்த ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் நிறையப் பேர். லீபர்மன் மட்டும் ஏன் மாட்டினார்? மற்றவர்கள் 2005 வாக்கில் மெல்லப் பின்வாங்கினார்கள். இவர் முன்னேறிப் போனார். 2005 நவம்பர் இறுதியில் படைகள் அங்கேயே இருக்க வேண்டும் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதினார். அடுத்த வாரமே, போர்க்காலத்தில் அதிபரின் நம்பகத்தன்மையைக் குலைப்பது நாட்டுக்கு ஆபத்து என்று தன் கட்சிக்காரர்களுக்கே புத்தி சொன்னார். 2005 ஆண்டு உரையின்போது புஷ் அவரைக் கட்டியணைத்துக் கன்னத்தில் முத்தமிட்டது போன்ற காட்சி ஏற்கெனவே கையில் இருந்தது. ‘அந்த முத்தம்’ சட்டையில் குத்தும் பட்டனானது. காகிதக்கூழில் பெரிய பொம்மையாகி வண்டியில் ஊர்வலமும் போனது.

எதிர்த்து நின்றவர் நெட் லாமண்ட். கிரீனிச்சைச் சேர்ந்த கேபிள் டிவி தொழிலதிபர், கொள்ளுத்தாத்தா ஜே.பி. மார்கன் வங்கியின் பங்குதாரர். மார்ச் 13 அன்று அவர் அறிவித்தபோது மாநிலத்தில் பெரும்பாலானோர் அவர் பெயரைக் கேட்டதே இல்லை. மே மாதத் தொடக்கத்தில் க்வினிபியாக் பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்பில் லீபர்மன் 65, லாமண்ட் 19. அந்த நிலையில் ஒரு வேட்பாளரைப் பத்திரிகைகள் சீண்டுவதில்லை, நன்கொடையாளர்கள் போன் எடுப்பதில்லை. வலைப்பதிவர்கள் செய்த உண்மையான வேலை இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் இருக்கிறது. மாநிலத்துக்கு வெளியே டெய்லி காஸின் மார்கோஸ் மூலிட்சாஸ், ஃபயர்டாக்லேக்கின் ஜேன் ஹாம்ஷர், மைடிடியில் எழுதியவர்கள் எல்லாம் லாமண்டைப் பற்றித் தினமும் எழுதினார்கள். அதைப் பார்த்து வாஷிங்டன் நிருபர்கள் எழுதினார்கள். அதைப் பார்த்து கனெக்டிகட் நிருபர்கள் எழுதினார்கள்.

மாநிலத்துக்கு உள்ளே மை லெஃப்ட் நட்மெக் போன்ற சின்னத் தளங்கள் இருந்தன. என் கணக்கில் இவர்களுக்குத்தான் அதிகப் பெருமை சேர வேண்டும், ஆனால் பெயர் வாங்கியது வெளியூர்க்காரர்கள். உள்ளூர்ப் பதிவர்கள் கையில் கேமராவோடு லீபர்மன் போகிற உணவகம், அணிவகுப்பு எல்லாவற்றுக்கும் பின்னாலேயே போனார்கள். யூடியூப் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கட்சிக் கிளைகளில் யார் யார் அதிருப்தியில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மே 19 அன்று நடந்த கட்சியின் மாநில மாநாட்டில் வாக்குச்சீட்டில் இடம்பிடிக்க 15 சதவீதப் பிரதிநிதிகள் போதும்; லாமண்டுக்குச் சுமார் 33 சதவீதம் கிடைத்தது. அந்தப் பிரதிநிதிகள் உள்ளூர்க் கட்சிக்காரர்கள். அவர்களை இழுத்தது கலிஃபோர்னியாவில் எழுதப்பட்ட பதிவுகள் என்று என்னால் நம்ப முடியவில்லை. டாம் ஸ்வான் என்ற அனுபவப்பட்ட உள்ளூர் அமைப்பாளர் பிரச்சாரத்தை நடத்தினார், லாமண்ட் தன் சொந்தப் பணத்தை மில்லியன் கணக்கில் இறைத்தார். இந்த இரண்டும் டெக்சஸில் இல்லை.

மாநாட்டுக்கு அப்புறம் சரிவு வேகமெடுத்தது. ஜூலை 20 க்வினிபியாக் கணிப்பில் லாமண்ட் 51, லீபர்மன் 47. பில் கிளிண்டன் வாட்டர்பரிக்கு வந்து லீபர்மனுக்காகப் பேசிப் பார்த்தார். நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதி லாமண்டை ஆதரித்தது.

லீபர்மனும் தன் பங்குக்கு உதவினார். 1988-ல் வைக்கரைத் தூங்கும் கரடியாகக் காட்டிய பழைய கார்ட்டூன் விளம்பரத்தைத் தூசி தட்டி, லாமண்டை அந்தக் கரடியின் குட்டியாக்கி ஓட விட்டார். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய நகைச்சுவை யாருக்குப் புரியும்? ஜூலைத் தொடக்கத்திலேயே, பிரைமரியில் தோற்றால் சுயேச்சையாக நிற்பேன் என்று கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். கட்சிக்காரர்களின் தீர்ப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று அந்தக் கட்சிக்காரர்களிடமே போய்ச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இதை ஒரு வலைப்பதிவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வலைப்பதிவர்களால் லாமண்டுக்கு வந்த சேதத்தையும் சொல்ல வேண்டும். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, முகத்தில் கறுப்பு பூசியது போல் லீபர்மன் படத்தை மாற்றி ஹாம்ஷர் வெளியிட்டார். கறுப்பினத்தவரைக் கேலி செய்த பழைய மேடை வழக்கத்தை நினைவூட்டும் படம் அது. கடும் எதிர்ப்பு வந்து படம் எடுக்கப்பட்டது. வலைப்பதிவுகளைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிற ரீதியில் லாமண்ட் நழுவினார். அவருடைய விளம்பரத்திலேயே மூலிட்சாஸ் தலைகாட்டியிருந்தார். அப்படியிருக்க இந்த நழுவல் யாரிடமும் எடுபடவில்லை.

ஆகஸ்ட் 8. லாமண்ட் சுமார் 52, லீபர்மன் 48. வித்தியாசம் ஏறக்குறைய பத்தாயிரம் ஓட்டு, 1988-ல் அவர் உள்ளே வந்த அதே அளவு. பிரைமரிக்கு இது மிகப் பெரிய வாக்குப்பதிவு: பதிவு செய்த ஜனநாயகக் கட்சியினரில் 40 சதவீதத்துக்கு மேல். எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் முந்தின நாள் மதியம் வரை கட்சியில் பதிந்துகொண்டு ஓட்டுப் போட அந்த மாநிலத்தில் வழி இருந்தது. ஆயிரக்கணக்கானோர் அப்படி வந்தார்கள். மொத்தம் பதிவான ஓட்டு இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். அதில் டெய்லி காஸ் வாசகர்கள் ஒரு சிறு துளிதான் இருந்திருக்க முடியும்.

வாக்குப்பதிவு நாளில் லீபர்மனின் இணையதளம் முடங்கிக் கிடந்தது. எதிர்த்தரப்பு வலைப்பதிவர்கள் தாக்கிவிட்டார்கள் என்று அவருடைய பிரச்சாரக் குழு குற்றம் சாட்டியது, செய்திச் சேனல்கள் நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தன. எஃப்.பி.ஐ. விசாரித்தது. தாக்குதல் நடந்ததற்கு ஆதாரமே இல்லை. மணிக்கு 100 மின்னஞ்சல் என்று வைத்திருந்த வரம்பை முந்தின இரவு அவர்களே மீறியதில் சர்வர் படுத்துவிட்டது என்பது 2008-ல் வெளியான ஆவணங்களில்தான் தெரியவந்தது. அதற்குள் யாருக்கும் ஆர்வம் இல்லை.

நவம்பரில் என்ன நடந்தது என்பது இந்தக் கதையின் மறுபாதி. லீபர்மன் தன் பெயரிலேயே ஒரு கட்சி வைத்து நின்றார். குடியரசுக் கட்சி தன் வேட்பாளர் ஆலன் ஷ்லெசிங்கரைக் கிட்டத்தட்டக் கைவிட்டது. அவருக்குக் கிடைத்தது 10 சதவீதத்துக்கும் கீழே. லீபர்மன் 50-ஐத் தொட்டார், லாமண்ட் 40-ல் நின்றார். குடியரசுக் கட்சியினரில் பத்துக்கு ஏழு பேர் லீபர்மனுக்குப் போட்டதாக வாக்குச்சாவடி வாசல் கணிப்புகள் சொன்னன. சில லட்சம் பேர் கலந்துகொள்ளும் பிரைமரியில் எடுபட்ட வித்தை பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு விழும் தேர்தலில் எடுபடவில்லை. ஆகஸ்ட் 9-லிருந்து லாமண்டுக்குச் சொல்ல வேறு செய்தியும் இல்லை; போரைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தார். லீபர்மன் 2008-ல் அதிபர் வேட்பாளர் மெக்கெயினுக்காகக் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையேறினார். 2009-ல் சுகாதாரச் சட்டத்தில் அரசே காப்பீடு வழங்கும் பிரிவை எடுக்காவிட்டால் ஆதரவில்லை என்று நின்றார். 60 ஓட்டு தேவைப்பட்ட செனட்டில் அவர் சொன்னதுதான் நடந்தது. 2006 பிரைமரியின் விலை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது மிகையாகப் படுகிறது. பிரைமரி இல்லாமல் இருந்தாலும் அவர் அந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது மேரிலாந்து. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் சரியான பாடப்புத்தக உதாரணம். வாஷிங்டனை ஒட்டிய 4-வது தொகுதி, கறுப்பினத்தவர் பெரும்பான்மை. பதவியில் இருந்த ஆல் வின் ஈராக் போருக்கு ஓட்டளித்தவர், 2005-ல் கடன் வாங்கியவர்களுக்கு எதிரான திவால் சட்டத்துக்கும் ஓட்டளித்தவர். எதிர்த்தவர் டோனா எட்வர்ட்ஸ், வழக்கறிஞர். கனெக்டிகட் வெற்றிக்குப் பிறகே வலைப்பதிவர்கள் இவர் பக்கம் திரும்பினார்கள். தேர்தலுக்கு மிஞ்சியது ஐந்து வாரம். செப்டம்பர் 12 அன்று மாண்ட்கோமரி கவுண்டியில் மின்னணு இயந்திரங்களுக்கான அட்டைகளை வாக்குச்சாவடிகளுக்கு அனுப்ப மறந்தே போனார்கள். காலையில் பல இடங்களில் ஓட்டுப் போட முடியாமல் மக்கள் திரும்பினார்கள். எட்வர்ட்ஸ் சுமார் மூன்று சதவீத வித்தியாசத்தில் தோற்றார்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. வலைப்பதிவர்களும் இந்த முறை மறக்கவில்லை. 2007 முழுக்க நிதி வந்தது, தொழிற்சங்கங்கள் வந்தன, சுற்றுச்சூழல் அமைப்புகள் வந்தன. 2008 பிப்ரவரி 12 அன்று கிட்டத்தட்ட 60 சதவீதம் வாங்கி ஜெயித்தார். வின் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார். ஜூன் இடைத்தேர்தலில் ஜெயித்து மேரிலாந்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார் எட்வர்ட்ஸ். கனெக்டிகட் மாதிரி சுயேச்சையாக நின்று தப்பிக்கும் கதவு இங்கே வின்னுக்கு இல்லை. அந்தத் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரிதான் தேர்தலே.

இதே கருவிகளை வலதுசாரிகளும் எடுத்தார்கள். 2010 டெலவேர் செனட் பிரைமரியில் ஜெயித்திருக்கக்கூடிய மைக் காசிலை வீழ்த்தி கிறிஸ்டின் ஓ’டானலை நிறுத்தினார்கள். நவம்பரில் அவர் 40 சதவீதத்தில் சுருண்டார். 2014-ல் வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவரான எரிக் கேன்டரை டேவ் பிராட் தோற்கடித்ததில் வானொலிப் பேச்சாளர்களின் கை பெரிது. 2018-ல் நியூயார்க்கில் இடதுசாரி ஒகாசியோ-கோர்டெஸ் தன் ஜனநாயகக் கட்சியின் மூத்த உறுப்பினர் ஜோ கிரௌலியை வீழ்த்தியபோது வலைப்பதிவு என்ற சொல்லே பழசாகிவிட்டது. ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. எழுதியவர்களில் பலர் பத்திரிகைக்கோ கட்சி வேலைக்கோ போய்விட்டார்கள். ஆக்ட்புளூ மட்டும் ஆலமரமாக வளர்ந்து நிற்கிறது. லாமண்ட் 2018-ல் கனெக்டிகட் ஆளுநராகத் தேர்வானார், அதுவும் நிதானமான நடுப்பாதைக்காரர் என்ற பெயரோடு.

எட்வர்ட்ஸ் 2016-ல் செனட் பிரைமரியில் தோற்று ஒதுங்கியிருந்தார். 2022-ல் தன் பழைய 4-வது தொகுதிக்கே திரும்பி வந்து பிரைமரியில் நின்றார். இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏய்பேக்கைச் சார்ந்த ஒரு சூப்பர் பேக் (வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவழிக்கும் பிரச்சாரக் குழு) அவருக்கு எதிராகத் தொலைக்காட்சி விளம்பரங்களில் ஏறக்குறைய ஆறு மில்லியன் டாலரைக் கொட்டியது. கிளென் ஐவி ஜெயித்தார். பதினாறு வருடத்துக்கு முன்பும் அந்தத் தொகுதிக்கு வெளியூர்ப் பணம் வந்தது. அப்போது அது இருபது டாலரும் ஐம்பது டாலருமாக வந்தது.